மூன்று கப்பல்கள் வந்தனவாம்

1499-இல் வெனிஸ் நகர வணிகர் ஜிரோலாமோ பிரியூலி தன் நாட்குறிப்பில் ஒரு சேதியைப் பதிந்துவைத்தார். அலெக்சாந்திரியாவிலிருந்து ஜூன் மாதத்துக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்குக் கெய்ரோவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கெய்ரோக்காரர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். கள்ளிக்கோட்டைக்கும் ஏடனுக்கும் போர்த்துகல் அரசருடைய மூன்று கப்பல்கள் வந்தனவாம். மிளகும் இலவங்கமும் விளையும் இடங்களைத் தேடி வந்தவையாம். அவற்றுக்குத் தலைவர் கொலம்பஸாம்.

எழுதிய கையோடு தன் தீர்ப்பையும் பக்கத்திலேயே வைத்துவிட்டார் பிரியூலி. இது உண்மையானால் மிகப் பெரிய செய்தி, ஆனால் நான் இதை முழுதாக நம்பவில்லை என்பது அதன் சாரம்.

நமக்கு நடந்தது தெரியும். வாஸ்கோ ட காமா 1498 மே மாதம் கள்ளிக்கோட்டைக் கரைக்கு வந்தார். மூன்று கப்பல்கள் என்பது சரி. போர்த்துகல் அரசர் அனுப்பியவை என்பதும், கள்ளிக்கோட்டை என்பதும் சரி. ஏடன் தவறு, காமா அந்தப் பயணத்தில் ஏடனுக்குப் போகவே இல்லை. கொலம்பஸ் என்பது பெருந்தவறு. ஆனால் அந்தத் தவறு எங்கே நுழைந்திருக்கும் என்று ஊகிப்பது அவ்வளவு கடினமில்லை. புதிய கடல்வழி தேடிப் போகிறவர் என்று மத்தியதரைக் கடல் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அந்த ஒன்றுதான். பெயர் இல்லாமல் வந்த சேதிக்கு வழியில் யாரோ ஒருவர் தெரிந்த பெயரைச் சூட்டிவிட்டார்.

இந்தக் குறிப்பில் என்னை அதிகம் கவர்வது சேதி வந்த பாதை. மிளகு எந்த வழியாக வெனிஸுக்கு வந்துகொண்டிருந்ததோ, அதாவது மலபார், செங்கடல், கெய்ரோ, அலெக்சாந்திரியா என்று, அதே வழியாகத்தான் அந்த வழிக்குப் போட்டி வந்துவிட்டது என்ற தகவலும் வந்தது. பிரியூலியின் குடும்பத் தொழிலே அதில்தான் இருந்தது. நம்பினால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவர் நம்பாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமா? இருக்கலாம். ஆனால் அவர் எழுதியிருக்கும் முறையைப் பார்த்தால், இந்தச் சேதி எத்தனை கை மாறி வந்தது என்பதை அவர் ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருப்பது தெரியும். உள்ளடக்கத்தைப் பற்றி அதிகம் வாதாடவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி வர முடியுமா, காற்று அனுமதிக்குமா என்றெல்லாம் ஆராயவில்லை. யார் யாரிடம் சொல்லி, அவர் யாருக்கு எழுதி, அது எந்த மாதக் கடிதம் என்பதைத்தான் முதலில் எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து 1501 ஜூலையில் லிஸ்பனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெனிஸ் தூதருடன் போர்த்துகலுக்குப் போயிருந்த ஜொவான்னி மத்தேயோ கமெரினோ. கிரேத்திகோ என்று அழைக்கப்பட்டவர். காமாவுக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட போர்த்துகீசியத் தலைவர் கப்ராலின் கப்பல்களில் முதலாவது லிஸ்பன் துறைமுகத்துக்குள் வந்த சில நாட்களில், ஜூன் 27-ஆம் தேதி அந்தக் கடிதத்தை எழுதியிருந்தார். கப்பல் மிளகோடு திரும்பியிருக்கிறது. இனி மிளகு வேண்டுமென்றால் உங்கள் கப்பல்களை இங்கே அனுப்புங்கள் என்று அரசர் மனுவேலே அவரிடம் சொல்லியிருக்கிறார். இம்முறை பிரியூலி தயங்கவில்லை. வெனிஸ் குடியரசுக்கு இதைவிட மோசமான செய்தி வரமுடியாது என்று நகரத்து விவரமறிந்தவர்கள் கருதுவதாக எழுதினார்.

இரண்டு சேதிகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. ஒன்று மூன்றாம் வாய், இன்னொன்று அந்த இடத்திலேயே இருந்த, பெயரும் பதவியும் தெரிந்த ஒருவர், தேதியிட்டு எழுதியது. அந்தக் காலத்து ஐரோப்பியர் தொலைதூரச் செய்தியை எடைபோட்ட விதம் முழுவதும் இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது. அதுவும் போதாதென்று 1504-இல் வெனிஸ் அரசு லெயொனார்தோ ட கா மாசெர் என்பவரை வணிகர் வேடத்தில் லிஸ்பனுக்கு அனுப்பி, எத்தனை கப்பல் போகிறது, எவ்வளவு மிளகு வருகிறது என்று எண்ணச் சொன்னது. சொந்தக் கண் ஒன்று அங்கே இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் எல்லாச் செய்திக்கும் ஆள் அனுப்ப யாருக்குக் கட்டுப்படியாகும்?

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வெனிஸின் ரியால்டோ சந்தையில் நின்ற வணிகருக்கு இந்தக் குறளால் உதவி குறைவு. பொருள் மூன்று மாத தூரத்தில் இருக்கிறது. அவர் கைக்கு எட்டுவது வாய் ஒன்றுதான். ஆகவே வாயைத்தான் சோதித்தார்.

தூரம் என்று நாம் சொல்வதை அவர்கள் நாட்களால் அளந்தார்கள். அதுவும் நிலையான அளவு இல்லை. மரீன் சனூடோ என்ற இன்னொரு வெனிஸ்காரர் 1496 முதல் 1533 வரை 58 தொகுதிகளுக்கு நாட்குறிப்பு எழுதினார். நகரத்துக்கு வந்த கடிதங்களை எல்லாம் அதில் குறித்துவைத்தார். எந்த ஊரில் எழுதிய கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று பிற்காலத்தில் வரலாற்றாசிரியர்கள் அதைவைத்துக் கணக்கிட்டார்கள். கான்ஸ்டான்டினோபிளிலிருந்து மிக விரைவாக வந்தது 15 நாள், மிகத் தாமதமாக வந்தது 81 நாள். அலெக்சாந்திரியாவிலிருந்து 17 நாளும் ஆகலாம், 89 நாளும் ஆகலாம். இந்த எண்களைக் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு தலைவலி புரியும். இன்று கைக்கு வந்த கடிதம் நேற்று வந்ததைவிடப் பழைய சேதியைச் சொல்லலாம். படை புறப்பட்டது என்ற கடிதத்துக்கு முன்னால் படை தோற்றது என்ற கடிதம் வந்துவிடலாம். வந்த வரிசையில் படித்தால் உலகம் தலைகீழாகத் தெரியும்.

அதனால்தான் கையெழுத்துச் செய்தி மடல்களில் ஊரும் தேதியும் முதலில் நின்றன. இத்தாலியில் இவற்றை அவ்வீசி என்றார்கள். ரோமிலும் வெனிஸிலும் இதையே தொழிலாக வைத்திருந்த எழுத்தர்கள் வாரந்தோறும் நகல் எடுத்துச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். எழுதியவர் பெயர் இருக்காது. வியென்னாவிலிருந்து இந்தத் தேதிக் கடிதப்படி இப்படித் தெரிகிறது, லியோனிலிருந்து வந்த தகவல் இப்படிச் சொல்கிறது, ஆனால் இன்னும் உறுதியாகவில்லை, அடுத்த தபாலை எதிர்பார்க்கிறோம் என்ற பாணியில் போகும். எது நடந்தது என்று எழுதவில்லை, எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன சொல்லப்பட்டது என்றே எழுதினார்கள். ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுகர் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் இப்படி வந்த மடல்களைச் சேர்த்து வைத்தார்கள். 1568-இலிருந்து 1605 வரை சுமார் 16,000 மடல்கள், 27 தொகுதிகளாக இன்றும் வியென்னாவில் இருக்கின்றன.

நான் கொஞ்ச காலம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன். டெலிபிரிண்டரில் வந்து விழும் ஏஜென்சி காப்பியை மொழிபெயர்ப்பதுதான் வேலை. ஊர்ப்பெயர், தேதி, பிறகு செய்தி. அந்த முதல் இரண்டும் இடத்தை அடைக்கின்றன என்று நினைத்து அவற்றை வெட்டப் பார்க்கிற புதியவர்களை மூத்த துணையாசிரியர்கள் ஒரு பிடி பிடிப்பார்கள். 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று நாங்கள் எழுதியதை நக்கலடிக்காத வாசகர் கிடையாது. ஆனால் ஃபுகர் மடல்களைப் பற்றி வாசித்த பிறகு எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. செய்தியைச் சொல்கிறேன், அதற்குப் பிணை நிற்கவில்லை என்பதை நான்கு நூற்றாண்டுகளாக யார் யாரோ சொல்லிப் பழகிய தொனி அது.

அச்சு வந்தபோது நம்பகம் கூடியது என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. ஸ்ட்ராஸ்பர்க்கில் யோஹான் கரோலுஸ் 1605-இல் தன் வாராந்தரச் செய்தித்தாளை அச்சிடத் தொடங்கினார். அதற்கு முன்பு அவரே பணக்காரச் சந்தாதாரர்களுக்குக் கையால் எழுதிய மடல் விற்றவர்தான். நகல் எடுக்கும் நேரத்தை மிச்சப்படுத்த அச்சுக்கு மாறினார், அவ்வளவே. ஆனால் காசுள்ளவர்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கையெழுத்து மடலையே வாங்கினார்கள். வருடச் சந்தா கட்டுகிறவரிடம் பொய் சொன்னால் அடுத்த வருடம் அவர் கட்டமாட்டார். தெருவில் விற்கும் துண்டுப் பிரசுரத்துக்கு அந்தக் கவலை இல்லை, இன்றைக்கு விற்றால் போதும். இது கொஞ்சம் பணக்காரத் திமிரும்தான், ஆனால் காரணம் இல்லாத திமிர் இல்லை.

ஆங்கிலத்தில் அச்சான முதல் செய்தித்தாள் 1620 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. அதன் முதல் வரி, இத்தாலியிலிருந்து புதிய செய்திகள் இன்னும் வந்துசேரவில்லை என்பது. எவ்வளவு நேர்மையான தொடக்கம்! 1631-இல் பாரிசில் கஸேத் இதழைத் தொடங்கிய தியோஃப்ராஸ்த் ரெனோதோவும் இதே ரகம். உண்மையைத் தேடுவதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அதற்கு நான் உத்தரவாதி அல்ல என்று எழுதினார். தூர தேசங்களிலிருந்து அவசரத்தில் எழுதப்பட்டு வரும் 500 சேதிகளில் ஏதாவது ஒன்று பிசகத்தான் செய்யும், அதைக் காலம் திருத்தும் என்றார். பிரெஞ்சு அரசின் ஆதரவில் நடந்த பத்திரிகை என்பதால் இந்த அடக்கத்தை நான் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லாமல் விடுவதும் அவர் வேலையில் ஒரு பகுதிதான்.

சரி, வாயை எப்படிச் சோதித்தார்கள்? மேல்தட்டு ஐரோப்பாவில் பொதுவான பதில், கௌரவமான மனிதர் சொன்னால் நம்பலாம் என்பது. சொத்தும் பேரும் உள்ளவருக்குப் பொய் சொல்லத் தேவை இல்லை, பொய் சொன்னால் இழக்க நிறைய இருக்கிறது என்ற தர்க்கம். மாலுமியின் பேச்சு மாலுமியின் பேச்சாகவே நின்றது. இதற்கு எதிர்த்திசையில் யோசித்தவர் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன். பிரேசிலில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்த ஒரு ஆள் அவர் வீட்டில் இருந்தார். 1580-இல் வெளிவந்த கட்டுரையில் மொந்தேன் அவரைப் பற்றிச் சொல்கிறார்: எளிய, நாசூக்கு தெரியாத மனிதர், அதனாலேயே நல்ல சாட்சி. கெட்டிக்காரர்கள் அதிகம் கவனிக்கிறார்கள்தான், ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லமாட்டார்கள், தங்கள் விளக்கத்தை அதன்மேல் பூசிவிடுவார்கள். கதை கட்டுவதற்கு வேண்டிய சாமர்த்தியமே இல்லாத ஒருவர் வேண்டும் என்பது மொந்தேன் கட்சி. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆனால் இதிலும் ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது. எளிய மனிதர்களுக்குக் கற்பனை வராது என்று யார் சொன்னது?

ஒரு நூற்றாண்டு கழித்து ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1690-இல் இதையெல்லாம் வரிசைப்படுத்தினார். சாட்சிகள் எத்தனை பேர், அவர்களுடைய நேர்மை, திறமை, சொல்வதில் என்ன உள்நோக்கம், சொன்னது தனக்குத்தானே பொருந்துகிறதா, எதிர்ச்சாட்சி உண்டா. கூடவே இன்னொன்றும் சொன்னார். நேரில் கண்டவர் சொல்வது நல்ல சான்று. அவரிடம் கேட்டவர் சொல்வது அதைவிடக் குறைவு. அவரிடமும் கேட்டவர் சொல்வது இன்னும் குறைவு. சான்றளித்த நகல் நீதிமன்றத்தில் செல்லும், நகலின் நகல் செல்லாது என்ற இங்கிலாந்து வழக்கத்தை அதற்கு எடுத்துக்காட்டினார். பிரியூலி 1499-இல் செய்தது இதைத்தான். ஜான் கிரெய்க் என்ற கணிதக்காரர் 1699-இல் இதைச் சூத்திரமாக்கி, இயேசுவின் வரலாற்றுக்கான சாட்சியம் 3150-ஆம் ஆண்டுவாக்கில் வலு முழுதும் இழந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இன்னும் நாள் இருக்கிறது.

லாக் சொல்லும் கதை ஒன்று பிரபலமானது. சியாம் அரசரிடம் டச்சுத் தூதர் தன் நாட்டைப் பற்றிக் கதைகதையாகச் சொல்கிறார். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் தண்ணீர் இறுகிவிடும், மனிதர்கள் அதன்மேல் நடப்பார்கள், உங்கள் யானை வந்தாலும் தாங்கும் என்கிறார். அரசர், இதுவரை நீங்கள் சொன்ன விசித்திரங்களை எல்லாம் நம்பினேன், நீங்கள் நிதானமான, நேர்மையான மனிதர் என்பதால். இப்போது நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று உறுதியாகத் தெரிகிறது என்றாராம். பனிக்கட்டியை அறியாத ஆசிய அரசரைப் பார்த்துச் சிரிப்பதற்காகப் பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அரசர் செய்தது சரியாகவே படுகிறது. தூதரின் நம்பகத்தைக் கடனாக எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தார், யானையில் அது தீர்ந்துபோயிற்று.

கௌரவ முத்திரை நம்மையும் தொட்டது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் எழுதி அனுப்பியவை ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் அச்சாகி வந்தன. அவரும் சக போதகர் க்ருண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கி ஜெர்மனில் பெயர்த்த 99 கடிதங்கள்கூட அதில் வெளியாயின. தமிழர் வாழ்க்கையைப் பற்றித் தமிழரே சொன்ன சாட்சியம் அது. ஆனால் அவர் 1713-இல் எழுதி முடித்த, இங்குள்ள தெய்வங்களின் வம்சாவளி பற்றிய நூல் ஹாலேயில் அச்சேறவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அங்கிருந்து வந்த பதில். 1867-இல் சென்னையில்தான் அது அச்சானது. சாட்சி நம்பத்தக்கவராக இருந்தும் சொன்னது வேண்டாம் என்று ஆகிவிட்டது.

வேண்டுவது, வேண்டாதது. இங்கேதான் இவர்களுடைய சோதனைகள் எல்லாம் தடுமாறின. 1588-ஐப் பாருங்கள். பாரிசில் ஸ்பெயின் தூதராக இருந்த பெர்னார்தினோ த மெண்டோசா கற்றுக்குட்டி இல்லை. போர்வீரர், லண்டனில் தூதராக இருந்து வெளியேற்றப்பட்டவர், பல இடங்களில் ஒற்றர் வைத்திருந்தவர். ஸ்பெயினின் பெருங்கடற்படை இங்கிலாந்துக் கால்வாய்க்குள் நுழைந்த நாட்களில் வடக்குப் பிரான்சுத் துறைமுகங்களிலிருந்து அவருக்குத் தகவல் வர ஆரம்பித்தது. மீன்பிடிப் படகுக்காரர்கள் பார்த்தார்களாம். பல ஆங்கிலேயக் கப்பல்கள் மூழ்கினவாம். ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர்களில் ஒருவரான டிரேக்கின் கப்பலே போயிற்றாம். ஒன்றல்ல, பல தகவல்கள். ஒன்றை ஒன்று உறுதிசெய்தன. மெண்டோசா தன் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு எழுதினார், வெற்றியைக் கொண்டாடத் தூதரக முற்றத்தில் விறகு அடுக்கச் சொன்னார், பிறகு பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றியைப் பார்த்து நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொல்வதற்காக சார்த்ர் நகரத்துக்கே போனார்.

ஹென்றி அவரிடம் கலே கோட்டை ஆளுநரின் கடிதத்தைக் காட்டினார். கலே கரையில் தரைதட்டிய ஸ்பானியக் கப்பல் ஒன்றிலிருந்து தப்பிய துருக்கிய அடிமைகளும் ஹென்றி வசம் வந்திருந்தார்கள். கடிதமும் வேறு கதை சொன்னது, ஆட்களும் வேறு கதை சொன்னார்கள். கப்பல்கள் சிதறி வடகடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. நம் இருவருக்கும் வந்த தகவல்கள் வேறுபடுகின்றன போலிருக்கிறது என்றாராம் மெண்டோசா. தூதர் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

எங்கே கோட்டை விட்டார்? கண்ணால் கண்ட சாட்சி கேட்டார், கிடைத்தது. பல சாட்சி கேட்டார், அதுவும் கிடைத்தது. ஆனால் அந்தப் பல சாட்சிகளும் ஒரே கரையோரத்தில் ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொண்டிருந்த ஆட்கள். தூரத்தில் புகைக்கு நடுவே கண்டதும், துறைமுகத்தில் கேட்டதும், தூதருக்குப் பிடிக்கும் என்று தெரிந்ததும் கலந்து, வேறு வேறு கையெழுத்தில் பாரிசுக்கு வந்தன. ஒரு வாய் பல கடிதம். அந்த வெற்றிச் செய்தி செவில் நகரில் அச்சாகவும் செய்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு லண்டனில் ஒரு பிரசுரம் போட்டார்கள். தலைப்பே ஸ்பானியப் பொய் மூட்டை என்ற பொருளில்தான் இருக்கும். ஒரு பத்தியில் ஸ்பானியச் செய்தி, எதிர்ப்பத்தியில் மறுப்பு. அடுத்தவன் பொய்யை விற்பதும் நல்ல வியாபாரம்.

இதைவிடப் பெரிதாக ஒன்று 1665-இல் நடந்தது. எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே அந்த வருடத்தால்தான்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவெங்கும் கடிதங்கள் பறந்தன. காணாமல்போன இஸ்ரவேல் கோத்திரத்தார் அரேபியாவில் திரண்டு வருகிறார்கள், மெக்கா முற்றுகையில் இருக்கிறது என்றார்கள். பின்னாலேயே ஒரு பெயரும் வந்தது. ஸ்மிர்னாவில், இன்றைய இஸ்மிரில் பிறந்த சப்பத்தாய் செவி. காசா ஊர் நேதன் என்பவர் அவரை மெசியா, அதாவது யூதர்கள் எதிர்பார்த்திருந்த மீட்பர் என்று அறிவித்திருந்தார். யூதர்கள் மட்டும் அல்ல, கிறிஸ்தவர்களிலும் ஒரு கூட்டம் இதற்காகக் காத்திருந்தது. 1666 வரப்போகிறது, அந்த எண்ணை வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் வரும் 666-ஓடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவில்லை. ஆம்ஸ்டர்டாமில் பேத்ருஸ் செராரியுஸ் என்ற கிறிஸ்தவர் தனக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் நகல் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

லண்டனில் அவற்றைப் படித்தவர்களில் ஒருவர் ஹென்றி ஓல்டன்பர்க், ராயல் சொசைட்டியின் செயலாளர். உலகின் மூலை முடுக்கிலிருந்து வரும் அவதானிப்புகளைச் சேகரித்துச் சலிப்பதே அவர் தொழில். 1665 டிசம்பரில் அவர் ஹாலந்திலிருந்த தத்துவவாதி ஸ்பினோசாவுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் இந்தச் சேதி வருகிறது. யூதர்கள் தாய்நாடு திரும்புகிறார்கள் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நம்புகிறவர்கள் சிலர், விரும்புகிறவர்கள் பலர். நீங்கள் என்ன கேள்விப்படுகிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள். இந்த விஷயம் அதிகம் பாதிக்கக்கூடிய நகரமான கான்ஸ்டான்டினோபிளிலிருந்து நம்பத்தகுந்தவர்கள் எழுதாதவரை என்னால் இதை நம்ப முடியாது. ஸ்பினோசாவின் பதில் நமக்குக் கிடைக்கவில்லை. நான் படித்தவற்றில் இந்தக் காலத்துச் செய்தி அறிவு முழுவதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வரிகள் வேறு இல்லை. விருப்பத்தையும் நம்பிக்கையையும் தனித்தனியாக எண்ணுகிறார். எந்த ஊர்ச் சாட்சி வேண்டும் என்பதையும் குறிப்பாகக் கேட்கிறார். இப்படிக் கண்டபடி கடிதம் எழுதியதற்காக 1667-இல் அவரையே சில வாரம் லண்டன் கோபுரச் சிறையில் வைத்தார்கள் என்பது கிளைக்கதை. டச்சுக்காரர்களோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

எல்லோரும் ஓல்டன்பர்க் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து ஒரு கடிதம் என்று ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. புயலில் ஒதுங்கிய ஒரு கப்பல், பாய்கள் வெண்பட்டு, கயிறுகள் பட்டு, ஆட்கள் பேசுவது எபிரேயம். இவர்கள் இஸ்ரவேலின் பத்துக் கோத்திரத்தார் என்று கப்பலிலேயே எழுதியிருந்ததாம். இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் கவனித்துப் பாருங்கள், ஊர்ப்பெயர் இருக்கிறது, கௌரவமான ஒருவருக்கு எழுதிய கடிதம் என்று இருக்கிறது, கண்ணால் கண்ட விவரம் இருக்கிறது. நல்ல செய்திக்கு என்னென்ன அடையாளமோ அத்தனையும் இருக்கிறது. சோதனையின் விதிகள் எல்லோருக்கும் தெரிந்துபோனால், அந்த விதிகளுக்கேற்பப் பொய் தைத்துக் கொடுக்கத் தையற்காரர்களும் வந்துவிடுவார்கள்.

லண்டனில் இன்னொரு விதமான எடைபோடலும் நடந்தது. 1666 பிப்ரவரியில் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். ஊரில் ஒரு யூதர் 10 பவுண்டு தருகிறாராம். ஸ்மிர்னாவில் இருக்கும் அந்த மனிதரைக் கிழக்கத்திய அரசர்கள் எல்லோரும் இரண்டு வருடத்துக்குள் உலகத்துக்கே அரசராக ஏற்றுக்கொண்டால் 100 பவுண்டாகத் திருப்பித் தரவேண்டும். இப்படி 1100 பவுண்டு இறக்கியிருக்கிறாராம். நம்பாதவர்கள் பத்துக்கு ஒன்றுகூட வாய்ப்பில்லை என்று நினைத்து அந்தத் தங்கத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். வணிகர்களுக்கு இது பழகிய வழிதான். வரவேண்டிய கப்பலைப் பற்றி வதந்தி கிளம்பினால் காப்பீட்டு விகிதம் ஏறும். அந்த விகிதத்தைப் பார்த்தே ஊர் அந்த வதந்தியை எவ்வளவு நம்புகிறது என்று சொல்லிவிடலாம். கவனிக்க, பீப்ஸும் இதை நேரில் பார்க்கவில்லை. ஒருவர் சொல்லக் கேட்டார். லாக்கின் கணக்கில் இது எத்தனையாவது படி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டியவர்கள் இருக்கட்டும், வாழ்க்கையைக் கட்டியவர்கள் வேறு. ஹாம்பர்க்கில் வாழ்ந்த க்ளூக்கெல் என்ற பெண் பிற்பாடு தன் நினைவுகளில் இதை எழுதினார். கடிதம் வந்ததும் போர்த்துகீசிய யூதர்கள் அதைத் தங்கள் தொழுகைக் கூடத்துக்கு எடுத்துப்போய் உரக்க வாசிப்பார்கள். மற்றவர்களும் கேட்க அங்கே ஓடுவார்கள். அவருடைய மாமனார் ஹாமெல்னில் இருந்தவர். வீட்டை விட்டு ஹில்டஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். பட்டாணி, பீன்ஸ், உலர்ந்த இறைச்சி, உலர்பழம் என்று கெடாத சாமான்களைப் பீப்பாய்களில் அடைத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பினார். அங்கிருந்து கப்பலேறிப் புனித நாட்டுக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்று. அந்தப் பீப்பாய்கள் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றன.

இவர்களை ஏமாளிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கடிதங்கள் உண்மையான கடிதங்கள். எழுதியவர்கள் பெயரும் மதிப்பும் உள்ள ரபிகள் (யூத மதகுருக்கள்), வணிகர்கள். ஒரே ஊரிலிருந்து அல்ல, பல ஊர்களிலிருந்து வந்தன. ஸ்மிர்னாவில் ஜனங்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு நோன்பிருந்ததும் கொண்டாடியதும் நடந்தவைதான். கடிதங்கள் சொன்னவற்றில் மிகப் பெரிய பகுதி, இங்கே எல்லோரும் நம்புகிறார்கள் என்பது. அது பொய்யில்லை. அதைப் படித்த அடுத்த ஊரும் நம்பியது, தானும் நம்புவதாக அடுத்த ஊருக்கு எழுதியது. ஓல்டன்பர்க் கேட்ட நம்பத்தகுந்த சாட்சிகள் கிடைத்தார்கள், நம்பிக்கையின் சாட்சிகளாக.

1666 செப்டம்பர் 16-ஆம் தேதி எடிர்னே நகரில் சுல்தான் முன்னிலையில் சப்பத்தாய் செவி தலைப்பாகை அணிந்து முஸ்லிம் ஆனார். ஐரோப்பாவுக்கு அந்தச் சேதி போய்ச்சேரச் சில வாரங்கள் பிடித்தன. சேர்ந்ததும் நடந்ததுதான் விசேஷம். அதுவரை எந்தக் கடிதத்தையும் திருப்பிப் பார்க்காமல் வாசித்த ஊர்களில் திடீரென்று எல்லோரும் பிரியூலி ஆனார்கள். எழுதியவர் யார், எதிரிகள் கிளப்பிவிட்டதா, வேறு ஊரிலிருந்து உறுதியாகியிருக்கிறதா, அடுத்த தபால் வரட்டும் என்றார்கள். உறுதியான பிறகும், மதம் மாறியது அவருடைய நிழல்தான், அவர் மேலே போய்விட்டார் என்றவர்கள் உண்டு. சந்தேகிக்கத் தெரியாதவர்கள் இல்லை. எப்போது சந்தேகிப்பது என்பதைத்தான் விருப்பம் முடிவுசெய்தது.

ஆரம்பத்திலிருந்தே சந்தேகித்தவர் என்று பெயர் வாங்கியவர் ஒருவர் உண்டு, ரபி யாக்கோப் சஸ்போர்ட்டாஸ். கொள்ளைநோய்க்குப் பயந்து 1665-இல் லண்டனை விட்டு ஹாம்பர்க் வந்திருந்தார். ஊர் முழுவதும் ஆடிப்பாடிக்கொண்டிருந்தபோது அவர் ஆம்ஸ்டர்டாமுக்கும் இத்தாலிக்கும் மற்ற ஊர்களுக்கும் எழுதி, சான்று எங்கே, யார் பார்த்தது, தீர்க்கதரிசி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தனக்கு வந்தவற்றையும் தான் அனுப்பியவற்றையும் சேர்த்து ஒரு நூலாக்கினார். இருபதாம் நூற்றாண்டில் அதன் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து பார்த்தபோது ஒன்று வெளிப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகு சஸ்போர்ட்டாஸ் தன் பழைய கடிதங்களைத் திருத்தியிருக்கிறார். ஆரம்ப மாதங்களில் தயங்கியும், ஒருவேளை இருக்குமோ என்று ஆசைப்பட்டும் எழுதிய இடங்கள் கடுமையான மறுப்பாக மாறியிருந்தன. அந்த வருடத்தைப் பற்றி எழுதுகிற யாரும் அவரைத் தவிர்க்க முடியாது, அவ்வளவு கடிதங்கள் அவரிடம்தான் இருக்கின்றன. அதனால் அவரை வாசிக்கும்போது, இந்த வரி 1666-இல் எழுதியதா, பிறகு எழுதியதா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொண்டுதான் மேலே போகிறார்கள்.